மின்னஞ்சலை அழித்த பிறகும் கோப்பு சுருங்கவில்லையா? காரணம் என்ன, என்ன செய்யலாம்?

"மெயில் நிரம்பிடுச்சுன்னு சொல்லுது. ஆயிரம் மெயிலை அழிச்சிட்டேன். ஆனா இடம் கொஞ்சங்கூடக் கூடலையே!"

அலுவலகத்திலும் வீட்டிலும் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது.

அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்களைப் பல ஆண்டாகப் பயன்படுத்துவோருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. மென்பொருளைத் திறக்கவே நேரம் எடுக்கும். பழைய மின்னஞ்சலைத் தேடினால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் புதிய மின்னஞ்சல் வருவதே நின்றுபோகும்.

அழித்தும் ஏன் பயனில்லை?

மின்னஞ்சலை அழிப்பது ஒரு வேலை. அது இருக்கும் கோப்பைச் சுருக்குவது வேறொரு வேலை. இரண்டுக்கும் நடுவே செய்யவேண்டிய முக்கியமான காரியம் ஒன்று உண்டு. அதை மறந்தால் வேண்டிய மின்னஞ்சல்களும் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

மின்னஞ்சல்கள் கணினியில் எங்கே இருக்கின்றன?

திரையில் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் தனித்தனியாகத் தெரியும். கணினிக்குள் அப்படி இல்லை. பெரும்பாலும் அவை ஒரு சில பெரிய கோப்புகளுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

மைக்ரோசாஃப்டின் வழக்கமான அவுட்லுக் மென்பொருள் இரண்டு வகைக் கோப்புகளைப் பயன்படுத்துகிறது.

• பிஎஸ்டி: மின்னஞ்சல்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும் கோப்பாக இது இருக்கலாம். பழைய 'பாப்' முறைக் கணக்குகளும், 'ஆர்க்கைவ்' செய்து ஒதுக்கிவைத்த மின்னஞ்சல்களும் இதில்தான் இருக்கும்.

• ஓஎஸ்டி: சர்வரில் இருக்கும் மின்னஞ்சல்களின் நகல் இது. இணையம் இல்லாத நேரத்திலும் படிப்பதற்காகக் கணினியில் வைக்கப்படுகிறது.

தண்டர்பேர்டில் ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு தனிக் கோப்பு. 'இன்பாக்ஸ்' ஒரு கோப்பு, 'சென்ட்' இன்னொரு கோப்பு. அவற்றுக்குள் மின்னஞ்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும்.

அழித்தால் ஏன் இடம் கிடைப்பதில்லை?

கடையில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டால் புத்தகம் மெலிந்துவிடுமா? பக்கங்கள் அப்படியேதான் இருக்கும்.

மின்னஞ்சல் கோப்பும் அப்படித்தான். நீங்கள் 'டிலீட்' அழுத்தியதும் அந்த மின்னஞ்சல் முதலில் 'டிலீட்டட் ஐட்டம்ஸ்' அல்லது 'டிராஷ்' ஃபோல்டருக்குப் போகிறது. அங்கிருந்தும் அகற்றினால், "இது வேண்டாம்" என்று அடையாளம் இடப்படுகிறது. திரையில் தெரியாது. ஆனால் கோப்பின் அளவு உடனே குறைவதில்லை.

இப்படிச் செய்வதற்குக் காரணம் வேகம். ஒவ்வொரு மின்னஞ்சலை அழிக்கும்போதும் பல கிகாபைட் கோப்பு முழுவதையும் திருத்தி எழுதவேண்டியிருந்தால் கணினி திணறிவிடும்.

ஆக, கோப்பைச் சுருக்குவது என்றால் என்ன?

அடிக்கப்படாத வரிகளை மட்டும் புதிய புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பழையதைத் தூக்கிப்போடுவது. மென்பொருள்களில் இதற்கு 'காம்பேக்ட்' என்று பெயர். தண்டர்பேர்ட் உண்மையிலேயே இப்படித்தான் செய்கிறது. வேண்டிய மின்னஞ்சல்களைப் புதிய கோப்பில் எழுதிவிட்டு, பழைய கோப்பை அகற்றுகிறது. அவுட்லுக் தன் கோப்புக்குள் இருக்கும் காலி இடங்களை அகற்றி, கோப்பின் அளவைக் குறைக்கிறது.

இங்கேதான் கவனம் தேவை. சுருக்குவதற்கு முன்பு, தவறுதலாக அழித்த மின்னஞ்சல் கோப்புக்குள் எங்காவது இருக்க வாய்ப்புண்டு. விவரம் தெரிந்தவரால் அதை மீட்க முடியலாம். சுருக்கிய பிறகு அந்தக் கதவு மூடிவிடுகிறது.

கோப்பு பெரிதாக இருந்தால் என்ன ஆகும்?

அவுட்லுக் 2002 வரையிலான பதிப்புகளில் பிஎஸ்டி கோப்புக்கு 2 கிகாபைட் வரம்பு இருந்தது. அதைத் தொட்ட கோப்புகள் பழுதடைந்ததும் உண்டு. அவுட்லுக் 2003இல் புதிய வகைக் கோப்பு வந்தது. வழக்கமான வரம்பு 20 கிகாபைட்டாக உயர்ந்தது. அவுட்லுக் 2010 முதல் அது 50 கிகாபைட்.

வரம்பைத் தொட்டால், கோப்பு நிரம்பிவிட்டதாக அவுட்லுக் எச்சரிக்கும். புதிய மின்னஞ்சல்களைச் சேமிக்க முடியாது.

தண்டர்பேர்டின் பழைய பதிப்புகளில் ஒரு ஃபோல்டருக்கு 4 கிகாபைட் வரம்பு இருந்தது. இப்போது அந்தத் தடை இல்லை. ஆனாலும் ஃபோல்டர் பெருக்கப் பெருக்க, திறப்பதும் தேடுவதும் மெதுவாகும். நகல் எடுக்கவும் அதிக நேரம் ஆகும்.

வரம்பு 50 கிகாபைட் என்பதால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே கோப்பில் எல்லாம் இருந்தால், அந்தக் கோப்பு பழுதாகும்போது எல்லாமே பாதிக்கப்படும்.

நிரம்பியிருப்பது எது? கணினியா, சர்வரா?

வேலையைத் தொடங்கும் முன்பு இதைத் தெரிந்துகொள்வது அவசியம். 'நிரம்பிவிட்டது' என்ற செய்தி இரண்டு இடங்களிலிருந்து வரலாம்.

• மின்னஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் சர்வரில் உங்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியிருக்கலாம். ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 கிகாபைட். மின்னஞ்சல், கூகல் டிரைவ், கூகல் ஃபோட்டோஸ் மூன்றும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன.

• உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு வரம்பைத் தொட்டிருக்கலாம். அல்லது கணினியிலேயே இடம் தீர்ந்திருக்கலாம்.

கணினியில் இருக்கும் கோப்பைச் சுருக்கினால் சர்வரில் இடம் கிடைக்காது. சர்வரில் இடம் வேண்டும் என்றால், அங்கே இருக்கும் மின்னஞ்சல்களை அழித்து 'டிராஷ்' ஃபோல்டரையும் காலிசெய்யவேண்டும்.

உங்கள் கணக்கு 'ஐமேப்' முறையிலோ 'எக்ஸ்சேஞ்ச்' முறையிலோ இயங்கினால் இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஒரு மின்னஞ்சலை அழித்தால் சர்வரிலும் அழியும். கைத்தொலைபேசியிலும் காணாமல் போகும். "கம்ப்யூட்டர்ல மட்டும்தானே அழிச்சேன்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

முதல் வேலை: நகல் எடுங்கள்

அழிப்பதற்கும் சுருக்குவதற்கும் முன்பு செய்யவேண்டியது இதுதான்.

1. மின்னஞ்சல் மென்பொருளை முழுமையாக மூடுங்கள். திறந்திருக்கும்போது எடுக்கும் நகல் அரைகுறையாக இருக்கலாம்.

2. அவுட்லுக் என்றால், 'ஃபைல்', 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' வழியாக 'டேட்டா ஃபைல்ஸ்' பகுதிக்குச் சென்று கோப்பு எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்ட் என்றால், 'ஹெல்ப்' பட்டியலில் இருக்கும் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கம் 'புரொஃபைல்' ஃபோல்டரைக் காட்டும்.

3. அந்தக் கோப்பை அல்லது ஃபோல்டரை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள்.

4. நகலின் அளவும் மூலக் கோப்பின் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிஎஸ்டி கோப்பை 'ஒன்டிரைவ்' ஃபோல்டரில் வைத்துப் பயன்படுத்துவது நல்லதல்ல. சிறு மாற்றம் நடந்தாலும் பெரிய கோப்பு மறுபடி மறுபடி பதிவேற்றம் ஆகலாம். அதனால் ஒன்டிரைவே மெதுவாகும். அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் பொது ஃபோல்டரிலிருந்து பிஎஸ்டி கோப்பை நேரடியாகத் திறந்து பயன்படுத்துவதையும் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதில்லை.

எதை முதலில் அழிக்கலாம்?

எழுத்து மட்டும் இருக்கும் மின்னஞ்சல் மிகச் சிறியது. ஆயிரக்கணக்கில் அழித்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. இடத்தைப் பிடிப்பவை இணைப்புகள்தான்: படங்கள், காணொளிகள், பிடிஎஃப் கோப்புகள்.

வீடு புதுப்பிப்புப் பணி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு 5 மெகாபைட் அளவில் வரைபடம் அனுப்புகிறார்கள். அவர் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறார். இது 10 முறை நடக்கிறது. அனுப்பியவை 10, வந்தவை 10. ஒரே வீட்டுக்கு 100 மெகாபைட்! அதில் கடைசியாக ஒப்புக்கொண்ட வரைபடம் மட்டுந்தான் உண்மையில் தேவை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மின்னஞ்சல்வழி அனுப்பும் இணைப்புகள் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. அப்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட்டாகிறது. தண்டர்பேர்ட் அதை அப்படியே சேமிப்பதால் அந்த 100 மெகாபைட், ஏறக்குறைய 133 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும்.

எனவே இந்த வரிசையில் செல்லலாம்:

• மின்னஞ்சல்களை அளவு அடிப்படையில் வரிசைப்படுத்துங்கள். ஆகப் பெரியவை மேலே வரும். அவுட்லுக்கில் 'மெயில்பாக்ஸ் கிளீனப்' வசதி பெரிய மின்னஞ்சல்களைத் தேடித் தரும்.

• 'சென்ட்' ஃபோல்டரைப் பாருங்கள். பலரும் இன்பாக்ஸைத்தான் சுத்தம் செய்வார்கள். அனுப்பியவற்றை மறந்துவிடுவார்கள்.

• மின்னஞ்சல் தேவை, இணைப்பு மட்டும் வேண்டாம் என்றால் இணைப்பைத் தனியே சேமித்துவிட்டு மின்னஞ்சலிலிருந்து அகற்றலாம். தண்டர்பேர்டில் இதற்கு 'டிடாச்' வசதி உண்டு.

• 'ஜங்க்', 'டிலீட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டர்களைக் கடைசியாகக் காலிசெய்யுங்கள். அதற்கு முன்பு ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். சிலர் டிலீட்டட் ஐட்டம்ஸையே பழைய மின்னஞ்சல்களை வைக்கும் இடமாகப் பயன்படுத்துகிறார்கள். காலிசெய்தால் அவையும் போய்விடும்.

அவுட்லுக்கில் சுருக்குவது எப்படி?

1. 'ஃபைல்' பட்டியலில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியைத் திறங்கள்.

2. 'டேட்டா ஃபைல்ஸ்' பக்கத்தில் உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுத்து 'செட்டிங்ஸ்' அழுத்துங்கள்.

3. 'காம்பேக்ட் நவ்' பொத்தானை அழுத்துங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கு என்றால் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 'அவுட்லுக் டேட்டா ஃபைல் செட்டிங்ஸ்' உள்ளே இந்தப் பொத்தான் இருக்கும்.

கோப்பு பெரிதாக இருந்தால் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு நடுவில் நிறுத்தாதீர்கள். மடிக்கணினி என்றால் மின்சாரத்தில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365, எக்ஸ்சேஞ்ச் கணக்கு வைத்திருப்போருக்கு இன்னும் எளிதான வழி உண்டு. எத்தனை மாத மின்னஞ்சல்களைக் கணினியில் வைத்திருப்பது என்பதைக் கணக்கு அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வைத்திருப்பதற்குப் பதில் 12 மாதம் அல்லது 6 மாதம் என்று வைத்தால் ஓஎஸ்டி கோப்பு சிறியதாகும். பழைய மின்னஞ்சல்கள் அழிவதில்லை. அவை சர்வரில் இருக்கும். தேவைப்படும்போது இணையம்வழி பார்க்கலாம்.

விண்டோஸுக்கான 'புதிய அவுட்லுக்' வேறு மாதிரி. அதில் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் சர்வரிலேயே இருக்கும். எனவே அங்கே இடத்தைக் குறைப்பது என்றால் சர்வரில் இருப்பதைக் குறைப்பதுதான்.

'ஆர்க்கைவ்' செய்தால் போதாதா?

போதாது. ஆர்க்கைவ் செய்யும்போது பழைய மின்னஞ்சல்கள் வேறொரு பிஎஸ்டி கோப்புக்கு இடம் மாறுகின்றன. முதன்மைக் கோப்பின் சுமை குறையும். ஆனால் அதே கணினியில் இரண்டு கோப்புகள் இருக்கும். மொத்த அளவு மாறாது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆர்க்கைவ் கோப்பு அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். சில ஆண்டு கழித்துக் கணினியை மாற்றுகிறோம். பழையதைக் கொடுத்துவிடுகிறோம் அல்லது மறுபயனீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கூடவே பத்து ஆண்டு மின்னஞ்சலும் போய்விடுகிறது. கணினியை மாற்றும் முன்பு பிஎஸ்டி கோப்புகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

தண்டர்பேர்டில் சுருக்குவது எப்படி?

'ஃபைல்' பட்டியலில் 'காம்பேக்ட் ஃபோல்டர்ஸ்' அழுத்தினால் போதும். ஒரு ஃபோல்டரை மட்டும் சுருக்கவேண்டும் என்றால் அதன்மேல் வலது கிளிக் செய்து 'காம்பேக்ட்' தேர்ந்தெடுக்கலாம்.

கவனிக்கவேண்டியவை மூன்று.

• கணினியில் ஓரளவு காலி இடம் வேண்டும். புதிய கோப்பு எழுதி முடியும்வரை பழைய கோப்பும் இருக்கும். 6 கிகாபைட் ஃபோல்டரைச் சுருக்க ஏறக்குறைய அதே அளவு இடம் தேவைப்படலாம். இடம் சுத்தமாகத் தீரும்வரை காத்திருந்தால் சுருக்கவும் முடியாது.

• குறிப்பிட்ட அளவு இடம் மிச்சமாகும் என்றால் தண்டர்பேர்ட் தானாகவே சுருக்கும் அமைப்பும் உண்டு. அது வசதிதான். ஆனால் உங்களுக்குத் தெரியாமலேயே அழித்தவை நிரந்தரமாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுச் சுருக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

• தேடல் வசதிக்காகத் தண்டர்பேர்ட் தனியே ஒரு தரவுக் கோப்பை வைத்திருக்கும். அதன் பெயர் 'குளோபல் மெசேஜஸ் டிபி' என்று தொடங்கும். அதுவும் ஆண்டுக்கணக்கில் பெருத்துப்போகும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அகற்றினால், அடுத்த முறை திறக்கும்போது புதிதாக உருவாகிவிடும். மின்னஞ்சல்களுக்குப் பாதிப்பில்லை. சில நேரம் தேடல் மட்டும் முழுமையாக இருக்காது.

மேக் கணினியில் 'ஆப்பிள் மெயில்' பயன்படுத்துவோர், கணக்கு அமைப்பில் இணைப்புகளைப் பதிவிறக்கும் தெரிவை 'ஆல்' என்பதிலிருந்து 'ரீசென்ட்' அல்லது 'நன்' என்று மாற்றலாம். பழைய இணைப்புகள் தேவைப்படும்போது மட்டும் சர்வரிலிருந்து வரும்.

எதை அழிக்கக்கூடாது?

சொந்த மின்னஞ்சல் என்றால் முடிவு உங்கள் கையில். தொழில் செய்வோருக்கு அப்படி இல்லை.

சிங்கப்பூரில் நிறுவனங்கள் வரி தொடர்பான ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும். மலேசியாவில் அது 7 ஆண்டு. விலைப்பட்டியல், ரசீது, ஒப்பந்தம் ஆகியவை இப்போதெல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. "இடம் வேணும்னு அழிச்சிட்டோம்" என்பது வரி அதிகாரிகளிடம் சொல்லக்கூடிய பதிலல்ல.

நாம் பார்த்த புதுப்பிப்பு நிறுவனத்திடம் திரும்புவோம். ஒன்பது பழைய வரைபடங்கள் போகலாம். கடைசி வரைபடம், ஒப்பந்தம், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் "சரி" என்று எழுதிய மின்னஞ்சல் நான்கும் இருக்கவேண்டும். நாளை ஏதேனும் தகராறு வந்தால் அந்த ஒரு வரி "சரி"தான் துணை. எனவே அவற்றைத் தனி ஃபோல்டரில் சேமித்து நகல் எடுத்த பிறகே சுருக்கும் வேலையைத் தொடங்கவேண்டும்.

எதை வைத்திருக்கக்கூடாது?

இதைப் பலர் யோசிப்பதில்லை. எல்லாவற்றையும் வைத்திருப்பதும் பாதுகாப்பல்ல.

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டத் தேவையோ வர்த்தகத் தேவையோ முடிந்த பிறகு நிறுவனங்கள் ஒருவரின் தனிப்பட்ட தகவல்களை வைத்திருக்கக்கூடாது. மலேசியச் சட்டத்திலும் இத்தகைய விதி உண்டு.

அடையாள அட்டைக்குச் சிங்கப்பூரில் கூடுதல் கட்டுப்பாடு இருக்கிறது. சட்டம் கேட்டாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யவேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அதன் நகலைப் பெறக்கூடாது. அந்த வழிகாட்டுதல் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

அதற்கு முந்திய மின்னஞ்சல்களைத் திறந்து பாருங்கள். வேலைக்கு விண்ணப்பித்தோரின் அடையாள அட்டை, கடப்பிதழ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அங்கே கிடக்கலாம். அந்தக் கணினி திருடுபோனாலோ கணக்கு ஊடுருவப்பட்டாலோ அத்தனை பேரின் தகவலும் வெளியே போய்விடும். அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

இத்தகைய மின்னஞ்சல்களை அழித்தால் மட்டும் போதாது. முன்பே பார்த்ததுபோல், சுருக்கும்வரை அவை கோப்புக்குள் இருக்கக்கூடும். நீங்கள் எடுத்த நகலிலும் இருக்கும். எனவே சுருக்கிய கோப்பு சரியாக இயங்குகிறது என்று உறுதிசெய்த பிறகு, சுருக்கிய கோப்பிலிருந்து புதிய நகல் எடுத்துக்கொண்டு பழைய நகலை அகற்றிவிடவேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்...

• நிரம்பியிருப்பது கணினியா, சர்வரா என்று முதலில் பாருங்கள்.
• மென்பொருளை மூடிவிட்டு நகல் எடுங்கள்.
• பெரிய இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள். வேண்டியவற்றைத் தனியே சேமியுங்கள்.
• டிராஷைக் காலிசெய்த பிறகு சுருக்குங்கள்.
• சரியாக இயங்குகிறதா என்று சில நாள் பாருங்கள். பிறகு பழைய நகலை அகற்றுங்கள்.

அலுவலகக் கணினி என்றால், எதையும் செய்வதற்கு முன்பு தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்னஞ்சல்களை எவ்வளவு காலம் வைத்திருக்கவேண்டும் என்பதற்கு அங்கே தனி விதிகள் இருக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கு முடிக்கும் நேரத்தோடு சேர்த்து இந்த வேலையையும் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். பத்து ஆண்டு சேரவிட்டால்தான் மலைப்பாக இருக்கும்.